ஆங்கிலம் பேசிப் பழகும் வட்டம்: எதைப் பற்றிப் பேசச் சொல்வது?

தபால்பெட்டி (ஞாயிறு, இரவு 8:40)

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் நூலக மாடியில் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு பேர் கூடி ஆங்கிலம் பேசிப் பழகுகிறார்கள். நடத்துபவன் நான். ஆசிரியன் அல்லன், அஞ்சலகக் கவுன்ட்டரில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். ஊராருக்கு மணியார்டர் படிவம் நிரப்பிக் கொடுத்த கை சும்மா இருக்க மறுத்ததால் இதை ஆரம்பித்தேன். கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மூவர், இல்லத்தரசிகள் இருவர், ஒரு மருந்துக்கடைக்காரர், தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு தம்பி.

தலைப்புகளை இணையத்திலிருந்துதான் எடுக்கிறேன். ‘உங்கள் பொழுதுபோக்கு’ என்றால் பன்னிரண்டு பேருக்கும் புத்தகம் படிப்பதும் பாட்டுக் கேட்பதும்தான் பொழுதுபோக்கு. ‘சமூக ஊடகம் வரமா சாபமா’ என்றால் இரண்டும்தான் என்று முதல் ஆள் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு யாருக்கும் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. போன வாரம் பருவநிலை மாற்றம். இருபது நிமிடத்தில் மொத்தம் ஆறு வாக்கியங்கள் வந்தன. அவற்றில் நான்கு என்னுடையவை. தோப்புக்காரத் தம்பி ஆறு வாரங்களாக ‘யெஸ் சார்’, ‘நோ சார்’ தவிர எதையும் சொன்னதில்லை.

வேடிக்கை என்னவென்றால், கூட்டம் முடிந்து கீழே டீக்கடைக்கு வந்ததும் இதே ஆட்கள் முக்கால் மணி நேரம் தமிழில் ஓயாமல் பேசுகிறார்கள். அந்தத் தம்பிதான் அதில் முதல் குரல். மாடியில் இருக்கும் வாய் படியிறங்கியதும் எப்படித் திறந்துகொள்கிறது? என்ன தலைப்புக் கொடுக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இலக்கணப்பிரியன் (ஞாயிறு, இரவு 9:25)

தலைப்பு என்ன செய்யும் ஐயா? அடித்தளம் இல்லாத இடத்தில் மாடி கட்டுகிறீர்கள். அரசுப் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இறந்தகாலம் தெரியாதவனிடம் நேற்று என்ன நடந்தது என்று கேட்பதே தவறு. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று பேசுகிறவனைப் பேசவிட்டால் அந்தத் தவறு கல்லில் எழுத்தாகிவிடும். ஆறு மாதம் வினைச்சொற்கள், காலங்கள், வினா அமைப்பு. பிறகு எந்தத் தலைப்பும் ஓடும்.

மூன்றாம்மாடி (ஞாயிறு, இரவு 10:02)

ஆசிரியர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. பருவநிலை மாற்றத்தைப் பற்றி அந்தப் பன்னிரண்டு பேரைத் தமிழில் பேசச் சொல்லிப் பாருங்கள். தமிழிலும் ஆறு வாக்கியம்தான் வரும். கேட்கிறவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை அவரிடமே திரும்பச் சொல்ல எந்த மொழியிலும் வாய் வராது.

நான் சென்னையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன் (மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, பெயர் வந்த கதை அதுதான்). மதிய உணவு வேளையில் அலுவலகத்தில் நான்கு பேர் பேசிப் பழகுகிறோம். எங்களுக்கு முதன்முதலில் சூடு பிடித்த தலைப்பு வீட்டு வாடகை. ஒருவர் வீட்டுக்காரர், ஒருவர் குடி வருகிறவர். இருவருக்கும் தனித்தனிச் சீட்டு. ஒருவர் சீட்டில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் சீட்டில்: பத்து மாத அட்வான்ஸ், அசைவம் கூடாது, காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம். குடி வருகிறவர் சீட்டில்: கையில் மூன்று மாதத்துக்குத்தான் பணம், மாதம் ஒருமுறை அம்மா வருவார், வந்தால் மீன்குழம்பு வைக்காமல் போகமாட்டார்.

ஐந்து நிமிடம் என்று ஆரம்பித்தது. மேலாளர் வந்து எழுப்பும்வரை ஓடியது. நடுவில் ஒருவர் சட்டத்தைக் கொண்டுவந்தார். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அந்த ‘ஒழிய’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் வாதாடினார் பாருங்கள்! ‘அன்லெஸ்’ என்ற சொல்லை நான் பள்ளியில் மூன்று வருடம் படித்தேன். எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆகவே ஐயா, இலக்கணம் எங்கேயும் ஓடிப்போவதில்லை. தேவைப்படும்போது தானாக வந்து நிற்கிறது.

இன்னொன்றும் அன்று கற்றோம். நாம் சொல்லும் ‘அட்வான்ஸ்’ வெளிநாட்டுக்காரருக்கு முன்கூட்டியே கட்டும் வாடகையாகத்தான் கேட்கும். திருப்பித் தரவேண்டிய பணம் என்றால் ‘டெபாசிட்’. திருப்பித் தருகிறார்களா என்பது வேறு தலைப்பு.

மாத்திரைப்பெட்டி (திங்கள், காலை 6:15)

இரவுப் பணி முடித்துவிட்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மதுரையில் செவிலியர்.

வெளிநாட்டு வேலைக்காக முதலில் ஐஇஎல்டிஎஸ் எழுதினேன். அதன் பேச்சுத் தேர்வு பதினொன்று முதல் பதினான்கு நிமிடம். முதல் பகுதியில் வீடு, வேலை, ஊர் என்று கேட்பார்கள். இரண்டாவதில் ஓர் அட்டை தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை பேசவேண்டும். அது பெரும்பாலும் உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றைப் பற்றியோ தெரிந்த ஒருவரைப் பற்றியோ இருக்கும். மூன்றாவது பகுதியில்தான் அதை ஒட்டிச் சமூகத்தைப் பற்றிக் கேட்பார்கள். தபால்பெட்டி ஐயா, நீங்கள் மூன்றாம் பகுதியிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். வாசலைத் தாண்டாமல் மொட்டைமாடிக்கு ஏறச் சொன்னால் எப்படி?

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். பயிற்சி மையத்தில் ‘நீங்கள் போற்றும் மனிதர்’ என்ற அட்டைக்கு எங்கள் குழு முழுவதற்கும் ஒரே பதிலை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அப்துல் கலாம். தேர்வில் அதே மாதிரி அட்டைதான் வந்தது, கடகடவென்று ஒப்பித்தேன். தேர்வாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அவர் எடுத்த முடிவுகளில் உங்களுக்கு உடன்பாடு இல்லாதது ஏதாவது உண்டா?’ என்றார். மனப்பாடத்தில் அந்தப் பக்கம் இல்லை. விழித்தேன்.

அடுத்த முறை ஓஇடி என்ற தேர்வுக்கு மாறினேன். மருத்துவத் துறையினருக்கென்றே உள்ளது. மூன்று நிமிடம் தயாரிப்பு, ஐந்து நிமிடம் நடிப்பு, இப்படி இரண்டு முறை. எதிரில் இருப்பவர் நோயாளி, நான் செவிலியர். ஊசிக்குப் பயப்படும் பாட்டியைச் சமாதானப்படுத்தவேண்டும். அதைத்தானே தினமும் செய்கிறேன்! இலக்கணம் அப்படியே ஓட்டையாகத்தான் இருந்தது. ஆனால் வார்த்தை நிற்கவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் பொழுதுபோக்கைக் கேட்காதீர்கள். சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வந்து சண்டை போடும் ஆளை எப்படி அனுப்புவார் என்று கேளுங்கள்.

ஓரமாய்நிற்பவள் (திங்கள், பகல் 1:30)

இதுவரை படித்ததெல்லாம் சரிதான். ஆனால் ‘அவரவர் வாழ்க்கையிலிருந்து பேசச் சொல்லுங்கள்’ என்று எல்லாரும் சொல்லும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. காரணம் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் தலைப்பு குடும்பம். பக்கத்து இருக்கைப் பெண் தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்டாள்: திருமணம் ஆகிவிட்டதா, கணவர் என்ன செய்கிறார், குழந்தைகள் எத்தனை. அவள் மேல் தவறில்லை, தாளில் இருந்தது. நான் விவாகரத்தானவள். இதையே தமிழில் கேட்டிருந்தால் ‘அது ஒரு பெரிய கதை’ என்று சிரித்திருப்பேன். கேட்டவருக்கும் புரிந்திருக்கும், பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். ஆங்கிலத்தில் எனக்கு அந்த வாக்கியம் இல்லை. அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பொய் சொல்ல முடியாது, மழுப்ப முடியாது. தெரிந்த நான்கு சொற்களும் உண்மையைச் சொல்லத்தான் உதவுகின்றன. சொன்னேன். அறை அமைதியாகிவிட்டது. மறுவாரம் நான் போகவில்லை.

பேச்சு வட்டம் நடத்துகிறவர்கள் முதல் நாளே தப்பிக்கும் வாக்கியங்களைக் கற்றுக்கொடுத்தால் நல்லது. ‘இதைப் பற்றிப் பேச விரும்பவில்லை’, ‘வேறு ஒன்று கேளுங்கள்’, ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்களேன்’. இறந்தகாலத்தைவிட எனக்கு அவைதான் அன்று தேவைப்பட்டன. ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று தொடங்கும் கேள்வி எங்கே போய் நிற்கும் என்பதும் நம் எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் கேட்டால் அது வேறு கேள்வி ஆகிவிடாது.

இலக்கணப்பிரியன் (திங்கள், மாலை 5:50)

சகோதரி எழுதியதைப் படித்தேன். ‘மை ஃபேமிலி’ என்று எத்தனை வகுப்புகளில் எத்தனை பிள்ளைகளை எழுந்து நின்று பேசச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். தந்தை இல்லாத பிள்ளைகளும் அவர்களில் இருந்திருப்பார்கள். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

பனங்கொட்டை (திங்கள், இரவு 9:10)

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் நிலைமை கொஞ்சம் வேறு. இங்கே பல்கலைக்கழகத்தில் தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவர்களும் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் போதாது, எங்களுக்குச் சிங்களம் போதாது. அதனால் ஆங்கிலத்தில் கதைப்பது எங்களுக்குப் பயிற்சி அல்ல, வேறு வழி இல்லாத வழி.

தொடக்கத்தில் நாங்களும் உங்களைப் போலத்தான் தாள் வைத்துக்கொண்டு கதைத்தோம். எதிலே கை வைத்தாலும் எங்கேயோ போய் இடித்தது. ஊர் என்றால் இடப்பெயர்வு வரும், குடும்பம் என்றால் இல்லாதவர்கள் வருவார்கள். பிறகு யாரோ ‘கியூ’ என்றார்கள். 2022ஆம் ஆண்டு வரிசையில் நிற்காதவர் இந்தத் தீவில் யார்? பெற்றோலுக்கு, எரிவாயுவுக்கு, மண்ணெண்ணெய்க்கு. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்த கதை மாத்தறைப் பெடியனிடமும் இருந்தது, என்னிடமும் இருந்தது. ஜூலையில் கியூஆர் அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் என்றானபோது அந்த நான்கு லீற்றரை எப்படிப் பங்கிட்டோம் என்று ஒவ்வொருவரும் கணக்குச் சொன்னோம். ஒருவர் கணக்கை மற்றவர் நம்பவில்லை. அங்கேதான் கேள்விகள் பிறந்தன.

‘வரமா சாபமா’ என்ற தலைப்புகளை விட்டுவிடுங்கள் ஐயா. அது பட்டிமன்றத்துக்கு வைத்தது. அங்கே பேசுகிறவர் எதை நம்புகிறார் என்று யாரும் கேட்பதில்லை. எந்த அணி என்றுதான் கேட்பார்கள்.

பனிமண்வெட்டி (செவ்வாய், காலை 7:45)

டொரொன்டோவிலிருந்து. நான் சொல்வது என் அம்மாவின் அனுபவம்.

இங்கே புதிதாகக் குடியேறியவர்களுக்கு அரசு செலவில் ‘லிங்க்’ என்ற மொழி வகுப்பு உண்டு. அம்மா அறுபத்தேழு வயதில் சேர்ந்தார். முதலில் அவருக்குக் கற்பித்தது வானிலை. ‘இதை ஏன் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவேண்டும்? பனி கொட்டுவது அவர்களுக்குத் தெரியாதா?’ என்று வீட்டுக்கு வந்து கேட்டார். நம் ஆட்கள் சந்தித்தால் சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள். அம்மா அதையே ஆங்கிலமாக்கிப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் ‘டிட் யூ ஈட்?’ என்று தினமும் கேட்டுவந்தார். அந்த அம்மையார் முதலில் சர்க்கரை நோயைப் பற்றி விளக்கினார். நான்காவது நாள், தன்னை விருந்துக்கு அழைப்பதாக நினைத்து எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டார். அம்மா புட்டு அவித்தார். இருவரும் இன்று வரை தோழிகள். ஆனால் எல்லாத் தவறுகளும் இப்படிப் புட்டில் முடிவதில்லை. வகுப்பில் ஒரு சீனப் பெண்ணிடம் சம்பளம் கேட்டு அம்மா வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. எதைப் பேசலாம் என்பதோடு, எந்த ஊரில் எதைக் கேட்கலாம் என்பதும் பாடத்தில் இருக்கவேண்டும்.

அம்மா முதன்முதலில் நீளமாகப் பேசியது குடும்ப மரம் வரைந்த நாளில். ஆசிரியை பலகையில் ‘ஆன்ட்’ என்று ஒரே ஒரு கட்டம் போட்டிருந்தார். அம்மா எழுந்து போய் அதை அழித்தார். பெரியம்மாவுக்கு ஒரு கட்டம், சித்திக்கு ஒன்று, மாமிக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டார். மாமி மகனைக் கட்டலாம், சித்தி மகன் சகோதரன் என்று அவர் சொன்னதும் வகுப்பே கொதித்தது. ஒரு சோமாலியப் பெண் கேள்வி கேட்க, உக்ரைன்காரர் ஒருவர் தலையில் கை வைக்க, கால் மணி நேரம் அம்மாதான் ஆசிரியை. அவர் பேசிய ஆங்கிலத்தில் காலமும் இல்லை, பாலும் இல்லை. அத்தனை பேருக்கும் புரிந்தது.

இலக்கணப்பிரியன் (செவ்வாய், காலை 8:30)

ஒரு பழைய புதிர் நினைவுக்கு வந்தது. ‘நீங்கள் உங்கள் பெற்றோருக்கு எத்தனையாவது பிள்ளை?’ என்பதை ஆங்கிலத்தில் கேளுங்கள். ‘எத்தனையாவது’ என்பதற்குப் புழக்கத்தில் ஒற்றைச் சொல் கிடையாது. மாணவர்களிடம் இதைக் கொடுத்தால் சுற்றிச் சுற்றி வருவார்கள். அப்படிச் சுற்றுவதுதான் பேச்சு. இதை நான் இலக்கணப் பாடமாகத்தான் வைத்திருந்தேன். பேச்சுக்கும் ஆகும் போலிருக்கிறது. முழுவதும் ஒத்துக்கொண்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தபால்பெட்டி (இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, பகல் 2:20)

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி நடந்ததை எழுதுகிறேன்.

போன வாரம் வாடகை. எங்கள் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் எல்லாம் கிடையாது. சொந்த வீட்டுக்காரர்கள்தான் அதிகம். பாதியில் படுத்துவிட்டது. ஆகவே சென்னைத் தம்பியின் சரக்கு இங்கே விலை போகவில்லை. அதே நாள் மகளிர் கட்டணமில்லாப் பயணத்தை எடுத்தேன். 2021 மேயிலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை அல்லவா. அதில் இல்லத்தரசிகள் இருவரும் பேசினார்கள். ஒருவர், மிச்சமாகும் காசு யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றிச் சொன்னார். அவர் கணவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார் என்பதால் மேற்கொண்டு எழுதவில்லை.

சகோதரி சொன்ன தப்பிக்கும் வாக்கியங்களைச் சுவரில் ஒட்டினேன். ஒரு கல்லூரிப் பெண் முதல் ஐந்து நிமிடத்திலேயே மூன்று முறை பயன்படுத்திவிட்டாள். பேச்சு வளராது என்று முதலில் எனக்கு எரிச்சல்தான். ஆனால் நான்காவது கேள்விக்கு அவளே நீளமாகப் பதில் சொன்னாள்.

இன்று மொய். ஆடி மாதம், வேறு எதைப் பேசுவது? பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மொய் விருந்து நடக்கும் காலம். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலேயே பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, முன்பு செய்த மொய்யைத் திரும்ப வாங்குவது. எழுதுவதற்கு நோட்டு உண்டு. போன முறை வாங்கியதைத் திருப்பிச் செய்துவிட்டு, அதற்கு மேல் புதிதாக வைக்கும் தொகைக்குப் ‘புதுநடை’ என்று பெயர்.

‘மொய் அன்பளிப்பா, கடனா?’ என்று மட்டும் கேட்டேன். மருந்துக்கடைக்காரர் ‘கிஃப்ட்’ என்றார். அவ்வளவுதான். ஆறு வாரம் யெஸ் சார், நோ சார் சொன்ன தம்பி, ‘நோ சார், லோன்’ என்று ஆரம்பித்தார். வட்டி இல்லாத கடன். ஆள் இறந்துவிட்டால்? மகன் செய்யவேண்டும். மகன் வெளியூர் போய்விட்டால்? நோட்டு ஊரில் இருக்கிறது. எல்லாம் மற்றவர்கள் கேட்ட கேள்விகள். நான் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு தானாகவே, 2018 நவம்பரில் கஜா புயல் அவர்கள் தோப்பைச் சாய்த்ததைச் சொன்னார். மறு ஆண்டு ஆடியில் அவர் அப்பா மொய் விருந்து வைத்தார். தோப்பை இழந்தவர்கள்தானே விருந்துக்கும் வரவேண்டும்! ஐயாயிரம் செய்யவேண்டியவர் ஐந்நூறு செய்தார். சிலர் வரவேயில்லை. அப்பா யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் நோட்டில் ஒரு வரியையும் அடிக்கவும் இல்லை. மரம் விழுந்ததற்கு ‘ஃபால்’ என்றுதான் கடைசி வரை சொன்னார். ஆசிரியர் ஐயா மன்னிக்கவேண்டும். நான் திருத்தவில்லை.

மணி பன்னிரண்டரை ஆகி நூலகர் சாவியோடு வந்து நின்றுவிட்டார்.

மாத்திரைப்பெட்டி (ஞாயிறு, பகல் 3:05)

கேட்காமல் விட்டதும் அடிக்காமல் விட்டதும்! அந்த அப்பாவைப் பற்றி மட்டுமே ஒரு வாரம் பேசலாம் போலிருக்கிறது. அவர் செய்தது சரியா என்று கேளுங்கள் ஐயா.

இலக்கணப்பிரியன் (ஞாயிறு, மாலை 4:40)

திருத்தாமல் விட்டது அன்றைக்குச் சரி. அடுத்த வாரம் அதே கதையை இன்னொருவர் அவர் சார்பில் சொல்லட்டும். அப்போது ‘ஃபெல்’ தானாக விழும். அது கிடக்கட்டும். ‘புதுநடை’யை அந்தத் தம்பி ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னார்?

தபால்பெட்டி (ஞாயிறு, மாலை 5:15)

‘நியூ வாக்’ என்றார். அறை முழுவதும் சிரித்தது, அவரும்தான். பிறகு மருந்துக்கடைக்காரர் ‘ஃப்ரெஷ் லோன்’ என்று சொல்லிப் பார்த்தார். தம்பி ஏற்கவில்லை. ‘லோன் என்றால் வாங்குகிறவர் கேட்கவேண்டும், இதை யாரும் கேட்பதில்லை’ என்கிறார். முதலில் லோன் என்றவரே அவர்தான் என்று ஞாபகப்படுத்தினேன். டீக்கடையிலும் அதே சண்டை தொடர்ந்தது. பாதி ஆங்கிலத்தில்.